ஐந்து நடை, ஒரு பந்தல்

செம்மலைக் கோயிலுக்கு நடந்து போகிற பாதை ஒரு மடத்து வாசலில் தொடங்குகிறது. மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைப்பில் வந்தால் அவற்றை இறக்கி வைத்துவிடுங்கள். ஓடு வேய்ந்த ஒரு கூடம், பின்னால் ஒரு கிணறு, கிணற்றடியில் நாலு தென்னை, அவ்வளவுதான். அதை நடத்தி வந்தவர் உலகம்மை. ஞானம் வேண்டும் என்று வருகிறவர்கள் கையில் ஒரு வாளியைக் கொடுத்துத் தென்னைக்குத் தண்ணீர் விடச் சொல்வார். பாதிப் பேர் மறுநாளே பஸ் ஏறிவிடுவார்கள்.

பஸ் ஏறாமல் தங்கியவர் கோமதிநாயகம். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது. யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் முதல் வாரம் இருவருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. கடைசியில் அவர் "அம்மா" என்றார், உலகம்மை "அண்ணாச்சி" என்றார், விஷயம் அதோடு முடிந்தது.

கோமதிநாயகம் வாழ்நாள் முழுக்கத் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் மனைவி ஆவுடையம்மாளோடு செம்மலைக்கு நடந்தார். பாதி வழியில், நிழலே இல்லாத பொட்டலில், அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒற்றைப் பனை ஒன்றின் அடியில் அவளை உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் தேடி ஓடினார். செம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தபோது அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. மடத்திலேயே இருந்துவிட்டார். உலகம்மையும் அவரை எதுவும் கேட்கவில்லை, வாளியை மட்டும் கொடுத்தார்.

அடுத்த பங்குனி நெருங்கியபோது வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவதென்று மடத்தில் முடிவானது. மடத்துக்கு இருந்தது ஒரே ஒரு மாட்டு வண்டி. குடங்களை ஏற்றிக்கொண்டு போய் ஓர் இடத்தில்தான் அதை நிறுத்த முடியும். எங்கே நிறுத்துவது என்று பார்த்துச் சொல்லும்படி உலகம்மை கோமதிநாயகத்திடம் விட்டுவிட்டார்.

இங்கே அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மடத்திலிருந்து மலையடிவாரம் வரை ஐந்து நடை. ஒரு மண்டபத்திலிருந்து அடுத்த மண்டபம் வரை ஒரு நடை. மண்டபத்துக்கு மண்டபம் ஒரு தேங்காய் உடைப்பார்கள், அதனால் யாரைக் கேட்டாலும் "அஞ்சு நடை, அஞ்சு தேங்காய்" என்று பாதையை முடித்துவிடுவார்கள். ஆனால் மண்டபம் கட்டிய புண்ணியவான்கள் யாரும் அளந்து கட்டவில்லை. அவரவர் நிலம் எங்கே இருந்ததோ அங்கே கட்டினார்கள். பொட்டலில் யாருக்கும் நிலம் இல்லை, ஆகவே மூன்றாம் நடை பன்னிரண்டு கல் நீண்டு கிடந்தது. கல் என்றால் மைல்தான், அந்தப் பக்கத்தில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். மூன்றாம் நடை முடிகிற இடத்தில் ஒரு மிராசுதார் மண்டபம் கட்ட, அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீம்புக்கு இரண்டே கல் தள்ளி இன்னொன்றைக் கட்டினார். அந்த இரண்டு கல்தான் நான்காம் நடை. அதற்கும் ஒரு தேங்காய்.

கோமதிநாயகம் மண்டபம் மண்டபமாகப் போய் விசாரித்தார். போன மூன்று பங்குனியில் உங்கள் நடையில் மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நினைவிலிருந்து சொன்னார்கள். எந்த இடத்தில் விழுந்தார்கள் என்று கேட்டால் மட்டும், அது யாருக்குத் தெரியும், இந்த நடையில்தான் என்று கையை விரித்தார்கள்.

திரும்பி வந்ததும் பழைய கடைக்குச் சொல்லி அனுப்பிக் கொஞ்சம் காடாத் துணி வரவழைத்தார். விழுந்தவர் ஒருவருக்கு ஒரு துண்டு, உள்ளங்கை அகலச் சதுரம், என்று கத்தரித்தார். ஒரே ஒரு துண்டு மட்டும் நீலம். அது ஆவுடையம்மாளின் சேலையிலிருந்து எடுத்தது.

துண்டுகளைக் கூடத்துத் தரையில் ஐந்து தூணாக அடுக்கினார். நடைக்கு ஒரு தூண், ஒரு துண்டு அகலம். முதல் நடைக்கு எட்டு, இரண்டாவதற்குப் பன்னிரண்டு. மூன்றாம் நடைக்கு முப்பத்தாறு துண்டு, தூண் கூடத்தின் பாதித் தூரம் ஓடியது. அதன் உச்சியில் நீலத் துண்டை வைத்தார். நான்காம் நடைக்கு இருபது, ஐந்தாவதற்குப் பன்னிரண்டு. பிறகு எழுந்து நின்று பார்த்தார். மற்ற நாலும் மூன்றாவதற்கு முன்னால் கைகட்டி நிற்கிற மாதிரி இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு நெஞ்சில் ஒரு திருப்தி வந்தது. அதை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

உலகம்மையைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தார்.

"பந்தல் எங்க போடணுங்கிறீய, அண்ணாச்சி?"

"மூணாம் நடையிலம்மா. பார்த்தாலே தெரியுதுல்லா."

"மூணாம் நடையில எங்க?"

கோமதிநாயகம் நீலத் துண்டைப் பார்த்தார்.

"ஒத்தைப்பனை கிட்ட."

ஏன் அந்த இடம் என்று உலகம்மை கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டை எடுத்து வந்து சுவரோரமாகத் தரையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். இதுதான் மடத்திலிருந்து மலை வரைக்கும் பாதை, ஒரு துண்டு அகலம் ஒரு கல் தூரம், துண்டுகளைப் பாதை கிடக்கிற மாதிரியே இதன் மேல் வையுங்கள் என்றார். சொல்லிவிட்டுத் தென்னைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

கோமதிநாயகம் கோட்டில் குறி போட்டார். முதல் நடை நாலு கல், இரண்டாவது ஆறு, மூன்றாவது பன்னிரண்டு, நான்காவது இரண்டு, ஐந்தாவது நாலு. போட்டுவிட்டு ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பிறகு கிணற்றடிக்கு நடந்தார்.

"எந்தக் கல்லுல விழுந்தாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியலையேம்மா. நடைதான தெரியும்?"

"தெரியலைன்னா ஒரே இடத்துல ஏன் குவிக்கணும்? நடை முழுக்கச் சமமாப் பரத்தி வைங்க."

"பன்னிரண்டு கல்லுக்கும் இதே உயரத்துக்குப் பரத்தணும்னா துண்டு பத்தாதே. இன்னும் கத்தரிக்கட்டா?"

"வேண்டாம். ஒண்ணு கூடவும் வேண்டாம், ஒண்ணு குறையவும் வேண்டாம்."

அவர் கூடத்துக்குத் திரும்பி முதல் தூணைக் கலைத்தார். எட்டுத் துண்டு, நாலு கல். நாலு நாலாக இரண்டு வரிசை வந்தது. இரண்டாம் நடையும் இரண்டே வரிசை. இதுவரை கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மூன்றாவதைக் கலைக்க வேண்டிய நேரம் வந்ததும் முதலில் நீலத் துண்டை எடுத்து இடது கையில் பொத்திக்கொண்டார். மற்றவற்றைப் பன்னிரண்டு கல்லுக்கும் ஒவ்வொன்றாக விரித்தார். ஒரு வரிசை, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மூன்றாவது. மூன்றாவது வரிசையின் கடைசியில் ஒரு துண்டு இடம் மட்டும் பாக்கி இருந்தது. கூடத்தின் பாதிக்கு ஓடிய தூண், திண்டு மாதிரி குட்டையாகச் சுவரோரம் படுத்துக் கிடந்தது.

நான்காம் நடைக்கு வந்தார். அகலம் இரண்டே துண்டு. இரண்டு இரண்டாக வைத்துக்கொண்டே போனார். மூன்றாவது வரிசையைத் தாண்டியும் கையில் துண்டு தீரவில்லை. ஐந்தாவதைத் தாண்டியது. கடைசித் துண்டை வைத்தபோது பத்து வரிசை நின்றது. அந்த ஒல்லித் தூண் பக்கத்தில் மற்ற எதுவும் தலையெடுக்கவில்லை.

ஐந்தாம் நடையை மூன்று வரிசையாக முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பன்னா, அதாவது துணியின் அகலம், பார்க்காமல் ஒரு துணியைக்கூட அவர் கிழித்ததில்லை. ஒற்றைப் பன்னாத் துணியில் ஒரு மீட்டர் கேட்கிற பெண்களிடம், இந்த அகலத்துக்கு அது பத்தாது தாயி, ரெண்டாக வாங்குங்க என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். அப்பேர்ப்பட்டவர் ஐந்து நடைக்கும் ஒரே அகலம் வைத்துவிட்டார். ஐந்து நடை, ஐந்து தேங்காய் என்று நாக்கு பழகியதில் கண் ஏமாந்துவிட்டது. நாக்குதான் காரணமா என்று கேட்டால் அவரே இல்லை என்றுதான் சொல்வார். பாதையை விசாரிக்கக் கிளம்பியபோதே பந்தலை அவர் மனதுக்குள் பனையடியில் போட்டு முடித்திருந்தார்.

உலகம்மை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோமதிநாயகம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முப்பத்தாறு உசுரை மூணு வரிசையாக் குறைச்சிட்டீயளே, அம்மா."

"எண்ணிப் பாருங்க."

அவர் நிஜமாகவே எண்ணினார். தரையில் முப்பத்தைந்து இருந்தது. கையில் ஒன்று.

"குறையல," என்றார்.

உலகம்மை அவர் எதிரில் உட்கார்ந்தார். ஒரு பந்தலுக்கு எவ்வளவு தூரத்துக்குள் விழுகிறவரைத் தூக்கிக்கொண்டு வர முடியும் என்று கேட்டார். வெயிலில் இந்தப் பக்கம் அரைக் கல், அந்தப் பக்கம் அரைக் கல், அதற்கு மேல் முடியாது என்றார் கோமதிநாயகம். அதில் அவருக்கு அனுபவம் இருந்தது.

"பனை கிட்டப் போட்டா எத்தனை பேருக்கு எட்டும்?"

அவர் கோட்டின் மேல் ஒரு கல் அகலத்தைக் கண்ணால் அளந்தார். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று துண்டு.

"மூணு பேரு. அதுல ஒருத்தி ஆவுடை."

"நாலாம் நடையில போட்டா?"

பத்து துண்டு உயரம் அவர் கண்ணுக்கு நேரே நின்றது. அதில் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார் என்று தோன்றியது. அவர்களை இத்தனை நாள் இருபது என்று மட்டும்தான் நினைத்திருந்தார். அந்த நினைப்பு வந்ததும் அழுகையும் வந்துவிட்டது. உலகம்மை அவரை அழ விட்டார், தடுக்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார்.

"அப்ப மூணாம் நடையில விழுதவங்களுக்கு?"

உலகம்மை கையை நீட்டினார்.

"மதினியோட துண்டை எங்கிட்டக் குடுங்க."

கோமதிநாயகம் அதைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். மூன்றாவது வரிசையின் கடைசியில் அந்த ஒரு துண்டு இடம் வெறுமையாகவே கிடந்தது. மறுநாள் கூடத்தைக் கூட்டும்போதும் அவர் துடைப்பத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் வண்டி நான்காம் நடைக்குப் போனது. நட்ட நடுவில், ஒரு கல் தாண்டிய இடத்தில், ஓலைப் பந்தல் போட்டார்கள். பங்குனி வெயிலில் நின்ற பிறகுதான் அந்த இடத்தின் குணம் கோமதிநாயகத்துக்குப் புரிந்தது. முழுக்கப் பாறை, அதுவும் ஏற்றம். காலை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. பொட்டலில் பன்னிரண்டு கல் நடந்து களைத்து வருகிறவர்கள் மிராசுதார் மண்டபத்தில் தேங்காயை உடைத்துவிட்டு, அடுத்தது சின்ன நடைதானே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறினார்கள். பந்தலுக்குள் கூப்பிட்டாலும் அதையேதான் சொன்னார்கள். சின்ன நடைதான, இந்தா வந்துரும்.

கோமதிநாயகத்துக்கு ஜவுளிக்கடை வித்தை கைகொடுத்தது. வாங்க வேண்டாம், சும்மா உள்ளே வந்து பார்த்துட்டுப் போங்க என்று கூப்பிட்ட வாய் அல்லவா? சும்மா ஒரு வாய் குடிச்சுப் பாருங்க என்று தம்ளரை நீட்டினார். வேண்டாம் என்று வந்தவர்கள் நாலு தம்ளர் குடித்தார்கள். உட்காரவே மாட்டேன் என்றவர்கள் பாயில் சாய்ந்தார்கள்.

உச்சி வெயிலில் பந்தலுக்குச் சற்றுக் கீழே ஓர் அம்மாள் சரிந்து விழுந்தாள். ஆவுடையம்மாள் வயதுதான் இருக்கும். தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

அப்போது கீழேயிருந்து ஒருவர் ஓடி வந்தார். அவள் புருஷன். ஏற்றத்தில் பந்தல் கண்ணில் படாததால், தண்ணீர் கொண்டுவர மிராசுதார் மண்டபத்துக்கே திரும்பி ஓடியிருக்கிறார். கையில் செம்பு இருந்தது, ஓடி வந்த வேகத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் சிந்திவிட்டது. பந்தல் வாசலில் அப்படியே நின்று, எழுந்து உட்கார்ந்திருக்கிற மனைவியைப் பார்த்தார். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கோமதிநாயகம் பந்தலுக்குப் பின்னால் போய், வண்டி மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இரண்டையும் மாட்டுக்குத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகும் பந்தல் ஓயவில்லை. ஆனால் வேலைக்கு நடுவில் அவர் கண் அடிக்கடி கீழே பொட்டல் பக்கம் போனது. அவ்வளவு தூரத்தில் பனை தெரியாது. பனையடியில் யாராவது உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. இங்கே ஒரு தம்ளரை நீட்டும்போதெல்லாம் அங்கே ஒரு தம்ளர் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. காலையிலிருந்து உலகம்மையையும் காணவில்லை. மடத்திலேயே இருந்துவிட்டாரோ என்று நினைத்தார். கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

பொழுது சாய்ந்து கூட்டம் குறைந்த நேரத்தில் பாறை ஏற்றத்தில் உலகம்மை வந்தார். முழங்கால் வரைக்கும் பொட்டல் புழுதி. உதடு வெடித்திருந்தது. இடுப்பில் ஒரு குடம் இருந்தது. காலிக் குடம் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. பந்தலுக்குள் வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

கோமதிநாயகம் தம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். மடக்கு மடக்காகக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எங்கம்மா போயிருந்தீய?"

"மூணாம் நடைக்கு."

அவர் குடத்தைப் பார்த்தார். அதன் வாயில் தூசி விழாமல் ஒரு துணி கட்டியிருந்தது. நீலத் துணி, உள்ளங்கை அகலம்தான், வாய்க்குப் பத்தாமல் ஓரத்தில் கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் பட்டு நன்றாக நனைந்திருந்தது. அவர் குனிந்து விரல் நுனியால் அதைத் தொட்டார்.

"மூணாம் நடையில எங்க?"

உலகம்மை காலித் தம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"பன்னிரண்டு கல்லும்தான், அண்ணாச்சி. நானும் மதினியும் நடந்தோம்."